இருபத்து நாலு அங்குலப் பலகை

என் ராத்தா, எனக்கு மூத்தவள், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எனக்கு நாற்பத்தெட்டு வயதாகி, மூன்று பிள்ளைகளும் பெற்ற பிறகும் அவளுக்கு நான் "புள்ள"தான். அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு வீட்டு வளவுக்கும் நடுவில் மதிலில் விட்ட கடப்படியில் நின்று அவள் "பரீதா" என்றாள். திருவலையை விட்டு எழும்பும்போதே எனக்கு விளங்கிவிட்டது, மச்சான் போய்விட்டார் என்று.

பள்ளியில் சுபஹு தொழுதுவிட்டு வந்திருக்கிறார். விறாந்தைக் கதிரையில் இருந்துகொண்டு பிளேன்டீ கேட்டிருக்கிறார். ராத்தா தேத்தண்ணியோடு வரும்போது தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அரை மணித்தியாலம் கழித்துத்தான் பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜும்ஆ முடிந்து அடக்கம். அவருடைய கப்றை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும். இடம் நெருக்கமாக இருந்தால் அந்த மனுசன் சும்மா கிடக்கமாட்டார், அளவு நாடாவைத் தேடுவார்.

ஊருக்கு அவர் பிளான் லெப்பை. எனக்கு ஆதம்லெப்பை மச்சான், என் ராத்தா சுபைதாவின் மாப்பிள்ளை. அவருக்கு நான் மச்சி. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். இதை வாசிக்கும் உங்களில் பாதிப் பேர் அவர் பிளான் கீறிய வீட்டில்தான் இருக்கிறீர்கள். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி வாசிகசாலைக்காரர்கள் கேட்டார்கள். நாலு வார்த்தையில் நிறுத்த எனக்கு வராது. என் வாயைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். அந்த வாயால் வந்த வினையையும் இங்கே நானே சொல்லப்போகிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து சேருகிறவர். எனக்குப் பதினாலு வயதில் மச்சான் ஒரு சூட்கேசோடும் சுருட்டிய படத்தாள் கட்டோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிறகு வாப்பா பக்கத்து வளவில் எனக்கும் வீடு கட்டி, இடையில் மதில் வைத்து, அந்த மதிலில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கடப்பு விட்டார். தெருவுக்கு இறங்காமல், தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, கறிக் கோப்பையோடு போய்வர அது போதும். ஒரு நாளைக்கு இருபது தடவை போவோம், வருவோம்.

மச்சான் கேக் அடிப்பார் என்று தெரிந்த நாளில் வாப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அம்பாறையில் வேலை செய்த காலத்தில் அங்கே ஓர் அதிகாரியின் மனைவியிடம் பழகியிருக்கிறார். ஒரு பெருநாள் லீவுக்கு பஸ்ஸின் மேல் கேக் சுடும் அவணைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். "மருமகன் கேக் அடிக்கிறாராம். ஊருக்குள்ள வாய் தொறந்திராதீங்க" என்று வாப்பா உம்மாவிடம் சொன்னார். பிறகு முதல் மூன்று துண்டையும் அவர்தான் சாப்பிட்டார்.

அவர் கேக் அடிப்பதும் பிளான் கீறுவதும் ஒரே வேலை. முதலில் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் கீறுவார். மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம். மாவையும் பட்டரையும் தராசில் நிறுப்பார், கண்ணளவு என்ற பேச்சே கிடையாது. என் மூத்தவனின் பிறந்தநாளுக்குக் கொழும்பு பஸ் கேக் செய்து கொடுத்தார். சீற் எத்தனை என்று டிப்போவில் போய் எண்ணிவிட்டு வந்தார். இரண்டாமவனுக்கு உழவு மெசின். கொக்கோ ஐசிங்கில் வயல் சேறு, அதற்கு மேல் சிவப்பு மெசின். சித்திரை வெயிலில் ஐசிங் இளகிப் பின்சில்லு இரண்டும் சேற்றுக்குள் இறங்கிவிட்டன. எனக்கு அழுகை வந்துவிட்டது. மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சேத்துக்க புதைஞ்சிட்டு மச்சி. இது உள்ளதுதானே. வாங்க புள்ளையள், எல்லாரும் வந்து தள்ளுங்க" என்றார். பிள்ளைகள் விரலால் தள்ளித் தள்ளியே மெசினை முடித்துவிட்டார்கள்.

பிறந்தநாள் கொண்டாடலாமா என்று அவரிடம் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. அவர் சண்டை பிடிக்கமாட்டார். அவருடைய கேக்கில் மெழுகுதிரி இருக்காது, பாட்டும் கிடையாது. பிள்ளையின் தலையில் கை வைத்துத் துஆ ஓதுவார். பிறகு, "ஊத ஒண்டுமில்ல, தின்ன மட்டும்தான் இரிக்கி. தின்னுங்க" என்பார். சண்டைக்கு வந்தவரின் கையிலும் ஒரு துண்டு இருக்கும்.

ஒலுவிலில் அவருக்கு ஒரு தென்னந்தோட்டத் துண்டு இருந்தது. ஓய்வு பெற்றதும் அதில் ஒரு வீடு கட்டினார். கடலைப் பார்த்த நீள விறாந்தை, ஒரு பெரிய ஹோல், பாய் போட்டால் வரிசையாகப் பதினைந்து பேர் படுக்கலாம். ஒரே ஒரு குசினி, அதற்கு இரண்டு வாசல். "குசினி ஒண்டுக்கு என்னத்துக்கு மச்சான் ரெண்டு வாசல்?" என்று கேட்டேன். "நீங்களும் உங்கட ராத்தாவும் ஒரே வாசலால ஒரே நேரத்தில வருவீங்க. ஆர் முதல்ல எண்டு சண்டை வரும்" என்றார். அந்த வீட்டைப் பற்றி அவர் அடிக்கடி சொன்ன ஒன்று உண்டு: "இது ஒருத்தருக்கும் சீதனமில்ல. அதால எல்லாருக்கும்."

பள்ளிக்கூட லீவு விட்ட மறுநாளே மூட்டை கட்டிவிடுவோம். காலையில் கரைவலைக்காரர்களிடம் உயிர் மீன் வாங்கி, ராத்தா ஆணம் காய்ச்சுவாள், நான் ரொட்டி சுடுவேன். ஆண்கள் கரம்போர்ட் அடிப்பார்கள். பிள்ளைகள் கடலில் கிடந்து, தோலெல்லாம் உப்புப் பூத்துக் கறுத்து வருவார்கள். பின்னேரத்தில் எருமைத் தயிரும் இனிப்புப் பாணியும். மச்சான் மட்டும் விறாந்தையிலிருந்து கடல் வரைக்கும் அடி வைத்து அளப்பார். கடல் வருசா வருசம் கிட்ட வந்துகொண்டிருந்தது. "இன்னம் எத்தின அடி மச்சான்?" என்று கேட்டால், "கடலுக்குக் கணக்குக் கேக்கேலா. இரிக்கிற வரைக்கும் விளையாடுங்க" என்பார்.

இப்போது என் வாயின் கதைக்கு வருகிறேன்.

ராத்தாவுக்கும் மச்சானுக்கும் ஒரே மகள், ஷிபானா. மூன்று வருசத்துக்கு முதல் அவளுக்கு ஒரு நல்ல கலியாணப் பேச்சு வந்தது. பொடியனின் மாமி என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். ஒரு நாள் இடைவேளையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது ஷிபானாவின் படிப்பை, குணத்தைப் புகழ்ந்தேன். அதோடு நின்றிருக்கலாம். "சின்ன வயசில முட்டு வருத்தம் மட்டும் கொஞ்சம் இருந்திச்சி, இப்ப ஒண்டுமில்ல" என்று அந்த ஆஸ்துமாக் கதையையும் சேர்த்தேன். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த மனுசி அப்படி ஒன்றையும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. ஒரு கிழமையில் பேச்சு நின்றுவிட்டது.

ராத்தா என்னிடம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அன்றே முடிந்திருக்கும். அடுத்த நாள் காலையில் கடப்பில் தகரம் அடித்திருந்தது. அவளே ஆணியும் சுத்தியலும் எடுத்து அடித்தாளாம். நான் கடைத்தெருவில் மச்சானைப் பிடித்து அழுதேன். "நீங்க ஆம்புளதானே, கழட்டி எறியுங்களன்" என்றேன். அவர் குடையை மடித்து நிலத்தில் ஊன்றிக்கொண்டு சொன்னார்: "இஞ்ச பாருங்க மச்சி. வீடு உங்கட ராத்தாட. மதிலும் அவட. கடப்பும் அவட. நான் வந்த மாப்பிள. தகரத்தில நான் கை வெச்சா அது கழரும். ஆனா அவ கழட்டினதா வராது."

ஒரு வருசத்துக்கு மேல் அப்படியே போனது. மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் இருமினால் எனக்குக் கேட்கும். நான் என்ன கறி வைக்கிறேன் என்று அவளுக்கு மணக்கும். ஆனால் எங்களுக்குள் கதை பேச்சில்லை. ஒலுவில் வீட்டுக்கு சித்திரை லீவில் நாங்கள், ஆவணி லீவில் அவர்கள் என்று பிரித்துப் போனோம். அந்தப் பெரிய ஹோலில் ஐந்து பேர் படுத்தால் நித்திரை வருமா? எனக்கு ராத்தா உயிர். உம்மா போன பிறகு எனக்கு உம்மாவும் அவள்தான். நானாகப் போய் அந்தத் தகரத்தைத் தட்ட எத்தனை நாள் கையைத் தூக்கினேன் என்று அல்லாஹ்வுக்குத் தெரியும். அவள் திறக்காவிட்டால் என்ற பயத்தில் ஒரு நாளும் தட்டவில்லை.

அடுத்த சித்திரையில் என் கடைசி மகள் ஹனாவுக்கு எட்டு வயது. என்ன கேக் வேண்டும் என்று மச்சான் பள்ளிக்கூட வாசலில் அவளிடம் கேட்டிருக்கிறார். "நம்மட வீடு" என்றிருக்கிறாள். எந்த வீடு என்றதற்கு, "ரெண்டும்தான். தண்ணித் தாங்கிக்கு மேல ஏறினா தெரியுமே, அது மாதிரி" என்றிருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்து மச்சான் எங்கள் தெருவாசலால் வந்து என்னிடம் ஒரு தாளைத் தந்தார். என் வீட்டின் பிளான், என் வளவு, ஓரத்தில் மதில். "மச்சி, கை நடுங்குது. ஐசிங் பிடிக்கேலா. உங்கட வீட்ட நீங்களே அடிச்சி ஒலுவிலுக்குக் கொண்டு வாங்க. மத்த வீட்டுக்கு ஆள் பாத்தாச்சி" என்றார். ஆள் யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தாளில் மதில் இருந்தது, கடப்பு இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கை நடுங்குவதால் விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

என்னால் முடிந்த அளவுக்கு அடித்தேன். வேபர் பிஸ்கட்டில் கூரை, பச்சைச் சாயம் போட்ட தேங்காய்ப்பூவில் புல், சுருள் பிஸ்கட்டில் கிணறு. மதிலை ஒன்றரை அங்குலக் கேக்கில் நிறுத்தி வெள்ளை ஐசிங் பூசினேன். கடப்பு வரும் இடத்துக்கு வந்ததும் கத்தியை எடுத்து அந்த இடத்தை வெட்டித் திறந்து வைத்தேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துத்தான் செய்தேன்.

ஒலுவில் விறாந்தையில் அன்று காலை பத்து மணியிருக்கும். ஓர் ஆட்டோ வந்து நின்றது. முன்னுக்கிருந்து மச்சான் இறங்கினார். பின்னுக்கு ராத்தா, மடியில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி. என்னைக் கண்டதும் அவள் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பிறகு தெரிந்தது: "புள்ளட கேக்கக் குடுத்திட்டு ஒடனே வந்திருவம். நீ வராட்டி இத ஆரு மடியில வெச்சிரிக்கிற?" என்று சொல்லி மச்சான் அவளைக் கூட்டி வந்திருக்கிறார். காரைதீவு, நிந்தவூர் என்று வழியில் இருந்த மேடு பள்ளம் அத்தனையிலும் அவள் தன் வீட்டைத் தன் மடியிலேயே காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். இறங்காமல் திரும்பிப் போகவும் முடியாது. கேக் மடியில் கிடக்கிறது, ஹனா ஓடிப் போய் அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

மச்சான் ஹோல் நடுவில் மேசை போட்டு, வெள்ளித்தாள் சுற்றிய பலகை ஒன்றை வைத்தார். நான் என் வீட்டை வைத்தேன். ராத்தா அவள் வீட்டை வைத்தாள். அவளும் மதில் கட்டியிருந்தாள்! கடப்பு இருக்கும் இடத்தில் வெள்ளித்தாளை வெட்டி ஒட்டித் தகரம் அடித்திருந்தாள். உள்ளதை உள்ளபடி செய்கிறவள் அவள். இரண்டையும் சேர்த்துத் தள்ளினால் பலகைக்கு வெளியே மூன்று அங்குலம் நிற்கிறது.

மச்சான் அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தார். மூக்கில் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "மதில் ரெண்டு தரம் வந்திட்டு. வயசு போயித்து, கணக்கு பிழைச்சிட்டு" என்றார்.

"என்ட மதில் சரியா இரிக்கி. மத்தத வெட்டச் சொல்லுங்க" என்றாள் ராத்தா, அவரைப் பார்த்து.

"ஆர் வெட்டுற எண்டு நீங்களே பாருங்க. வீடு என்ட இல்ல" என்று கத்தியை மேசையில் வைத்துவிட்டு அவர் விறாந்தைக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். நான் கத்தியை எடுத்து என் மதிலை அடியோடு வெட்டிப் பீங்கானில் வைத்தேன். வீட்டைத் தள்ளினேன். இன்னும் ஒன்றரை அங்குலம் வெளியே நிற்கிறது! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எல்லார் கண்ணும் ராத்தாவிடம் போயிற்று. அவள் பீங்கானில் கிடந்த என் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடப்பத் தொறந்துதான் வெச்சிரிந்தியா நீ?" என்றாள். ஒரு வருசத்துக்குப் பிறகு அவள் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"ஓம் ராத்தா."

"என்னத்துக்கு?"

"நான் அண்டைக்கி கேக்காததச் சொல்லித்தான் போட்டன் ராத்தா. என்ட வாய்தான் காரணம். என்ன மன்னிச்சிரு."

"ஓம். சொல்லித்தான் போட்டாய்" என்றாள். பிறகு என் கையிலிருந்த கத்தியைப் பறித்தாள். "தள்ளு புள்ள, அங்கால. உனக்கு நேரா வெட்டவும் தெரியா" என்று சொல்லித் தன் மதிலையும் வெட்டி எடுத்தாள். இரண்டு வீடும் பலகையில் ஒரு மயிரிழை மிஞ்சாமல் சேர்ந்து நின்றன. விறாந்தையிலிருந்து மச்சான் வந்து ஹனாவின் தலையில் கை வைத்துத் துஆ ஓதினார். "முதல்ல மதிலத் தின்னுங்க புள்ளையள். வீடு பொறகு" என்றார். அன்று ராத்தா திரும்பிப் போகவில்லை. அந்த லீவு முடியும் வரைக்கும் நின்றாள், ஹோல் நிறையப் பாய் விரித்தோம். ஊருக்கு வந்த அடுத்த நாள் பார்த்தால், அந்தத் தகரம் அவளுடைய கோழிக்கூட்டுக்குக் கூரையாகக் கிடந்தது. ஷிபானாவுக்கும் பிறகு நல்ல இடத்தில் அமைந்தது. ஆனாலும் நான் உடைத்த அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் என் நாக்கைக் கடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

"மச்சான், கணக்கு உண்மையாப் பிழைச்சதா, வேணுமெண்டு செஞ்சதா?" என்று பல தடவை கேட்டிருக்கிறேன். "எனக்கு என்ன மச்சி, வயசு போயித்து" என்பார். முப்பது வருசம் வாய்க்காலும் மதகும் கீறிய ஆள். "இரிக்கிறத இரிக்கிற மாதிரிக் கீறணும். இல்லாததக் கீறினா தண்ணி வந்து கேள்வி கேக்கும்" என்று வாய்க்கு வாய் சொன்ன ஆள். அவர் வேண்டுமென்று பிழையாகக் கீறுவார் என்று எனக்கும் நம்பிக்கை வரவில்லை. ராத்தாவும் நம்பவில்லை.

ராத்தா இப்போது இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள். பகல் சோறு என் வீட்டிலிருந்துதான். அந்தக் கேக் பலகை எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தது. சோற்றையும் ஆணத்தையும் அதில் வைத்துத்தான் கடப்பால் கொண்டுபோகிறேன். போன கிழமை ஆணம் சிந்தி வெள்ளித்தாள் ஊறிவிட்டது. ராத்தாவின் குசினியில் வைத்தே அதை உரித்தேன். அடியில் பலகை மரத்தில் பென்சில் எழுத்து. மச்சானின் எழுத்து, இலக்கங்களைத் தலை நிமிர்த்தி எழுதும் அந்த எழுத்து. சுபைதா 12. பரீதா 12. மதில் 0. மொத்தம் 24.

நான் பலகையை ராத்தாவின் முன்னால் வைத்தேன். அவள் வெள்ளை முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு குனிந்து, எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளை மாதிரி விரல் வைத்து வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள்.

"கள்ளன்" என்றாள். "முப்பத்தினாலு வரிசம் எனக்கு ஒரு பொய் சொல்லல்ல எண்டு இரிந்தன் புள்ள. பெரிய கள்ளன்." சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். மௌத்து வீட்டில் அத்தனை பேர் மத்தியில் அழாத அழுகை அது. நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். சோறு ஆறிவிட்டது.

மச்சான் எனக்கென்று ஒன்றும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அந்தப் பலகையை நான் எடுத்துக்கொண்டேன். வெள்ளித்தாள் இனிச் சுற்றமாட்டேன். அந்தத் தகரம் அப்படியே இருந்திருந்தால் அவருடைய மௌத்தை நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, ஊரோடு ஊராக, ஒலிபெருக்கியில்தான் கேட்டிருப்பேன். அன்று காலையில் என் ராத்தா கடப்படிக்கு வந்து என் பெயரைச் சொன்னாளே, அது அவர் எனக்குத் தந்தது.